காட்டிக்கொடுத்த மருமகனா வூக் பிராங்கோவிச்?

"1389 கொசோவோ போரில் செர்பிய இளவரசர் லாசரைத் துருக்கியரிடம் காட்டிக்கொடுத்தது அவருடைய சொந்த மருமகன் வூக் பிராங்கோவிச்" என்று ஒரு பதிவு மறுபடியும் சுற்றுகிறது. கேட்க நல்ல கதைதான், ஆனால் ஆதாரம் கிடையாது.

மருமகன் என்பது மட்டும் சரி, லாசரின் மகள் மாராவைத்தான் வூக் கட்டியிருந்தார். பிராங்கோவிச்கள் திடீரென்று முளைத்த குடும்பமும் இல்லை. வூக்கின் அப்பா பிராங்கோ, செர்பியப் பேரரசர் துஷான் அவையில் செவஸ்தோக்ராத்தோர் என்ற உயர்ந்த பட்டம் பெற்றவர்.

போர் நடந்த காலத்தை ஒட்டிய ஆவணங்கள் எதுவும் வூக்கைத் துரோகி என்று சொல்லவில்லை. அவர் பெயரைச் சேர்த்து அந்தக் குற்றச்சாட்டைப் பரப்பியது, துப்ரோவ்னிக்கைச் சேர்ந்த துறவி மாவ்ரோ ஓர்பினி 1601-இல், அதாவது இருநூறு வருடம் கழித்து, இத்தாலிய மொழியில் வெளியிட்ட வரலாறு. அப்புறம் நாட்டுப்பாடல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

போருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தப் போரில் இறந்த லாசரின் மனைவி மிலிட்சா துருக்கிய சுல்தான் பாயசித்துக்குப் பணிந்தார், மகள் ஒலிவேராவை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார், மகன் ஸ்தெஃபான் 1396 நிக்கோபோலிஸ் போரில் ஐரோப்பியச் சிலுவைப்படைக்கு எதிராக சுல்தான் பக்கம் நின்று சண்டை போட்டார் (வேறு வழி இருந்திருக்காது, அது வேறு விஷயம்). "துரோகி" வூக்கோ 1392 வரை பணியவில்லை, பணிந்த பிறகும் சுல்தானின் படையெடுப்புகளுக்குப் போகவில்லை. கடைசியில் நிலத்தையும் பறிகொடுத்து, 1397-இல் துருக்கியர் சிறையில் செத்தார். கூலி வாங்கிய துரோகிக்கு இப்படியா முடியும்?