இழுப்பு வந்தால் கடன் கிடைக்கும், பம்ப்புக்குக் கிடைக்காது

எங்கள் வீட்டில் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்தான் அம்மா கடன் கணக்கு எழுதுவார். போன வாரம் பரணை ஒதுக்கும்போது பழைய தாள்கள் நாலைந்து கிடைத்தன. மளிகை, உரம், குழுக் கடன் தவணை. நடுநடுவே "அவருக்கு இழுப்பு" என்று ஒரு வரி. அப்பாவுக்கு வருகிற மூச்சிழுப்பைத்தான் (வீசிங்) அப்படி எழுதியிருக்கிறார். தை, மாசித் தாள்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது.

அப்பா குடவாசல் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறவர். 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி. தூக்கினால் காசு, உட்கார்ந்தால் இல்லை. சம்பா அறுத்து நெல் வந்து குவிகிற நாட்களில்தான் பனியும் கொட்டும். தூற்றும் இயந்திரத்திலிருந்து பதரும் சுணையும் புகை மாதிரி கிளம்பும். ஆண்டிலேயே நல்ல கூலி பார்க்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் அவருக்கு மூச்சு முட்டும்.

ஒரு தை, மாசிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நாலு ராத்திரி. கார் வாடகை, தனியார் கிளினிக்கில் ஊசி, மருந்தைப் புகையாக்கி இழுக்க வைக்கிற நெபுலைசர், மருந்துக்கடை எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய். அப்பா படுத்திருந்த நாட்களின் கூலி இதில் இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகாதது இல்லை. தோட்டை அடகு வைத்த வட்டியும் இல்லை. 108-ஐக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டிருக்கிறோம். போகும்போது செலவில்லை, சரி. கூட இருப்பவர்களின் சாப்பாடும் திரும்பி வருகிற வண்டியும் நம் கையிலிருந்துதான்.

அப்புறம் தஞ்சாவூரில் ஒரு நுரையீரல் மருத்துவர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, தினமும் காலை மாலை வாயில் வைத்து இழுக்க ஒரு பம்ப் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தார். மூச்சு முட்டும்போது அடிக்கிற பம்ப் வேறு, முட்டாமல் காக்கிற பம்ப் வேறு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலாவது சுருங்கிய மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும். உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தணிப்பது இரண்டாவதில் இருக்கும் ஸ்டீராய்டு. எங்களுக்கு அதற்கு மாதம் 400 ரூபாய், வருஷத்துக்கு 4,800. நாலு ராத்திரிச் செலவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இழுத்திருக்கலாம்.

ஆனால் அந்த 400 எங்கே இருந்து வரும்? ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை கேட்காமலே காசை எடுத்துக் கொடுப்பார். நகைக்கடைக்காரர் கதவைத் திறப்பார். நன்றாக நடமாடுகிற மனுஷனுக்குப் பம்ப் வாங்க யாரிடம் கைநீட்டுவது? மூச்சு சீராக இருக்கிற நாளுக்குக் கடன் தர ஊரில் ஆள் இல்லை. அதனால்தான் ஏழை வீட்டில் எப்போதும் விலை அதிகமான வைத்தியமே நடக்கிறது. காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், படுக்காமல் காக்கிற மருந்துக்கு உதவாது.

பம்ப் பழகிவிடும், கடைசிக் கட்டத்துக்குத்தான் என்ற பயம் வேறு. பெண் பிள்ளையாக இருந்தால் வரன் தட்டிப்போகும் என்று ஒளித்து வைக்கிறார்கள். அதனால் எல்லாரும் மாத்திரைக்குப் போகிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தான சல்பியூட்டமால், மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் நேராக நுரையீரலுக்கு. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றுவதால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த மாத்திரையும் மலிவாகவே இருந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் ஏற்றியது. சல்பியூட்டமால் மாத்திரையும் நெபுலைசரில் ஊற்றுகிற மருந்தும் அதில் உண்டு.

பம்ப்பில் நேராக நுரையீரலுக்குப் போகிற ஸ்டீராய்டு வேறு. கடைகளில் சீட்டில்லாமல் வாங்கித் தின்கிற, உடம்பு முழுக்கச் சுற்றுகிற ஸ்டீராய்டு மாத்திரையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அப்பா அதை வருஷக்கணக்கில் தின்றிருக்கிறார். இன்றைக்கு அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. அந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், மனசார நன்றி. நான் கேட்பது, அவர்கள் கொண்டுவருகிற மருந்துப் பையில், மூச்சு முட்டாமல் காக்கிற அந்த இரண்டாவது பம்ப்பும் இருக்க வேண்டும் என்பதுதான். கொடுக்கிறவர் எப்படி இழுப்பது என்று ஒரு தடவை செய்து காட்டவும் வேண்டும். வாயில் அடித்துவிட்டு உடனே மூச்சை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், பாதி மருந்து காற்றோடு போகிறது. டெல்டாவில் கொள்முதல் தொடங்குவதற்கு முன், மார்கழியிலேயே, சுமை தூக்குகிறவர்களையும் தூற்றுகிறவர்களையும் ஊதச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

அப்பா இப்போது சிப்பம் தூக்குவதில்லை. சாக்கு தைக்கிறார், கூலி குறைவு. பம்ப் சட்டைப் பையில் இருக்கிறது. வருகிற ஜனவரி 26 கிராம சபையில் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். அம்மாவின் காலண்டர் தாளையும் பின்னால் இணைக்கிறேன்.