மாத வாடகைக்காரரும் நாள் வாடகைக்காரரும்

நான் புதுச்சேரியில் வேலை பார்த்துத் தமிழ்நாட்டில் தூங்குகிறவள். வெளியூர் உறவினர்களிடம் இதைச் சொன்னால், தினமும் ரயிலேறிப் போய் வருகிறேனோ என்று பரிதாபப்படுகிறார்கள். முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே ஸ்கூட்டரில் சில நிமிடம் வந்தால் புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்று ஆண்ட நிலம் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தபோதும், அந்தத் துண்டுகள் அப்படியே நின்றுவிட்டன. சுற்றுலா வருபவர்களுக்கு இந்த எல்லை பெட்ரோல் விலையிலும் மதுக்கடைப் பலகையிலும் மட்டுமே தெரியும். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கோ அது குடும்ப அட்டையிலும் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையிலும் தெரிகிறது.

நானும் என் கணவரும் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் ஆறு ஆண்டுகள் இருந்தோம். ஒரு பொங்கலுக்கு முன்பு உரிமையாளர் வந்து, மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவதால் வீடு வேண்டும் என்றார். நாங்களும் காலி செய்தோம். மகன் வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வீட்டுச் சுவர் கடுகு மஞ்சளாகவும் ஜன்னல் ஓரங்கள் வெள்ளையாகவும் மாறின; வாசலில் ஒரு பிரெஞ்சுப் பெயர்ப் பலகை தொங்கியது; கைப்பேசியில் தேடினால் நாங்கள் துணி காயப்போட்ட மொட்டைமாடி, ‘கடல் காற்று வீசும் தனி இடம்’ என்ற வர்ணனையோடு நாள் வாடகைக்குக் கிடைத்தது. அவர் பொய் சொன்னதில்தான் எனக்கு வருத்தம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் காலி செய்துதான் இருப்போம், ஏனென்றால் எங்கள் கையில் இருந்தது பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்றுதான், அதுவும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது.

கணக்கெழுதுவது என் தொழில் என்பதால் உரிமையாளரின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இப்போது நான் இருக்கும் கோட்டக்குப்பத்து வீட்டுக்கு மாதம் ரூ. 9,500 கொடுக்கிறேன். பக்கத்து வீட்டில் வெள்ளி, சனி ஆகிய இரண்டு இரவுகளுக்கு ரூ. 9,000 வாங்குகிறார்கள் என்று அங்கே கூட்டிப் பெருக்கும் அக்கா சொன்னார். அதாவது இரண்டு வார இறுதிகளிலேயே என் மாத வாடகையின் ஏறத்தாழ இருமடங்கை அந்த வீடு ஈட்டிவிடுகிறது. மாதக் கணக்கில் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிப்பார், ஊரிலிருந்து மாமியாரைக் கூட்டி வருவார், குழாய் ஒழுகினால் இரவு பத்து மணிக்கும் போன் செய்வார். நாள் கணக்கில் வருபவர் திங்கட்கிழமை காலையில் பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுவார். பணமும் அதிகம், தொல்லையும் குறைவு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சுற்றுலாவைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. கடற்கரையோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் வரவு செலவைப் பார்த்துத்தான் என் சம்பளம் வருகிறது. நீண்ட விடுமுறை வாரத்தில் அறைகள் நிரம்பாவிட்டால் முதலில் கவலைப்படுபவர்களில் நானும் ஒருத்தி. என்னோடு வேலை பார்க்கும் சமையல்காரர், வரவேற்பில் நிற்கும் பெண், இரவுக் காவலர், சலவைக்குத் துணி எடுத்துப் போகும் அண்ணன் ஆகிய எவரும் ஒயிட் டவுனில் குடியிருக்கவில்லை, குடியிருக்கவும் முடியாது. லாசுப்பேட்டை, ரெட்டியார்பாளையம், வில்லியனூர், அரியாங்குப்பம், கோட்டக்குப்பம் என்று நகரைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்துதான் அதிகாலையில் வந்து சேர்கிறார்கள். விருந்தினரின் படுக்கையை விரிப்பவருக்கும் இந்த ஊரில் எங்கோ ஒரு படுக்கை வேண்டும். கடற்கரையோரத்தில் இருந்த நாள் வாடகை இப்போது எங்கள் தெருக்களுக்கும் வந்துவிட்டதால், அந்தப் படுக்கை ஆண்டுக்கு ஆண்டு இன்னும் தள்ளிப் போகிறது. தந்திராயன்குப்பத்துக் கடற்கரைக்கு வெளியூர்க்காரர்கள் ‘செரினிட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு அமைதி என்று பொருள் என என் மகள் சொன்னபோது, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து மொட்டைமாடியில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

எல்லை தாண்டிக் குடிபோனதில் நாங்கள் இழந்தது வேறொன்றும் உண்டு. புதுச்சேரியில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு வழியாக நடக்கும் சேர்க்கையில், உள்ளூர் ஒதுக்கீட்டுக்கு யூனியன் பிரதேசத்தில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் குடியிருந்ததற்கான சான்று கேட்கிறார்கள். முத்தியால்பேட்டையில் ஆறு ஆண்டுகள் இருந்த நாங்கள், என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் வடக்கே குடியிருக்கும் ஒரே காரணத்தால் அந்தக் கணக்கிலிருந்து வெளியே நிற்கிறோம். அவள் அதே பள்ளிக்குத்தான் போகிறாள், அதே பேருந்து நிறுத்தத்தில்தான் இறங்குகிறாள். இதற்காகவே குடும்ப அட்டையைப் புதுச்சேரியில் உள்ள சித்தப்பா வீட்டு முகவரியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாழ்பவர்கள் பலரை அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை, அவ்வளவுதான். சொந்த வீட்டுக்காரர் ஒருவரின் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. வீட்டு உரிமையாளரின் வருமானக் கணக்கு மாறும்போது வாடகைக்காரரின் பிள்ளை மாநிலமே மாற வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு அரசுகளில் எந்த அரசாவது யோசித்துப் பார்த்திருக்குமா என்று தெரியவில்லை.

இந்தப் பக்கம் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. உரிமையாளரும் வாடகைக்காரரும் எவ்வளவு சண்டை போட்டாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. ஆனால் பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியாக உயர்ந்த எங்கள் ஊரில், அப்படிப் பதிவு செய்த ஓர் ஒப்பந்தத்தை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் இருப்பது முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த அதே பதினோரு மாதத் தாள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க யாரோ கண்டுபிடித்த பதினோரு மாதம், புதிய சட்டம் எத்தனை மாதமானாலும் பதிவு வேண்டும் என்று சொன்ன பிறகும் பழக்கத்தில் நின்றுவிட்டது. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கரிடம் பதிவைப் பற்றிக் கேட்டேன். “அப்படியெல்லாம் கேட்டால் வீடு கிடைக்காது, மேடம்” என்றார். ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கிக்கொண்டு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

மின்சாரக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் வீட்டுக்கு இருப்பது உரிமையாளரின் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வீதம் உரிமையாளரிடம் கொடுக்கிறேன். ஆகவே அந்த இலவசம் எனக்கு வந்து சேர்வதில்லை. பக்கத்து வீடு முழுக்க முழுக்க நாள் வாடகைக்கு ஓடுகிறது, இணைப்பு மட்டும் இன்னும் வீட்டு இணைப்பாகவே இருக்கிறது. குடும்பங்களுக்கென்று அரசு தரும் 100 யூனிட், வார இறுதி விருந்தினரின் ஏசிக்குப் போகிறது. தண்ணீரும் அப்படித்தான். கடலோரம் என்பதால் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிக்கக் கேன் வாங்குகிறோம். அந்த உப்புத் தண்ணீரைக்கூடத் திங்கட்கிழமை காலையில் மோட்டார் வெகுநேரம் இழுத்தால்தான் தருகிறது, ஏனென்றால் பக்கத்தில் பன்னிரண்டு பேர் இரண்டு நாள் குளித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுடைய செப்டிக் டேங்க் நிரம்பி லாரி வரும் நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்கிறது.

பார்சிலோனா நகரம் தன்னிடமுள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பார்சிலோனாவால் 10,101 என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே எண்ணுவதற்கே ஆள் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடும் அறைகள் ஒன்று முதல் ஆறு வரை இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதிப்படி ஒரு பாட்டி தன் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டு, காலையில் இட்லியும் கொடுத்தால் அதை நான் மனதார வரவேற்பேன். தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிடும். உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, சாவி ஒரு பூட்டுப் பெட்டியில் தொங்க, குடும்பங்கள் இருந்த நான்கு வீடுகளும் ஒரே ஆளின் கைப்பேசியில் ஓடுவதற்கு ஹோம்ஸ்டே என்று பெயர் சூட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதை விடுதி என்று ஒப்புக்கொண்டு, விடுதிக்குரிய சொத்து வரியும் மின் கட்டணமும் உரிமமும் வாங்க வைத்தாலே போதும், பாதிப் பேருடைய கணக்கு மாறிவிடும். அவர்களில் சிலராவது மாத வாடகைக்குத் திரும்புவார்கள். ஒரு வெளிநாட்டவர் ஓர் இரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விடுதியில் நான் அன்றாடம் பார்க்கும் நடைமுறை. பக்கத்து ஊரில் மூன்றாண்டுகளாக வாடகை கொடுத்துவரும் நான் எந்த அரசுத் தாளிலும் வாடகைக்காரராக இல்லை.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் இந்த ஊரில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே இருந்த பாரதியாரும் வாடகை வீட்டில்தான் குடியிருந்தார். அந்த வீட்டுக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போவாராம். அப்படியொரு செட்டியாரை நான் எதிர்பார்க்கவில்லை. வாடகையை முதல் தேதியே கொடுத்துவிடுகிறேன். அதற்கொரு ரசீதும், காலி செய்யச் சொல்வதானால் மூன்று மாத அவகாசமும், அதற்கான உண்மைக் காரணமும் கிடைத்தால் போதும்.

எங்கள் ஒப்பந்தம் வரும் மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றிக் கேட்டால் உரிமையாளர் “பார்க்கலாம்மா” என்கிறார். ஆகவே இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புதுச்சேரி எல்லைக்குள், லாசுப்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ இரண்டு படுக்கையறை வீடு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மாடியானாலும் பரவாயில்லை, லிப்ட் வேண்டாம். தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் மீன் சமைப்போம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாடகை ரூ. 11,000 வரை தர முடியும். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதைப் பதிவும் செய்யத் தயாராக இருந்தால் இன்னும் ஐந்நூறு கூட்டித் தருகிறேன்.