அந்தப் பட்டியலை ஏன் குழுவில் போட்டீர்கள்?

முந்தாநாள் நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். என் தங்கை மகள் படிக்கும் பள்ளி அனுப்பிய செய்தி அது. "கீழ்க்கண்ட மாணவர்கள் திங்கள்கிழமை கட்டாயம் கவுன்சிலிங் வர வேண்டும்" என்று பதினொரு பிள்ளைகளின் பெயர், பக்கத்திலேயே காலாண்டு மதிப்பெண். நான் பெயர்களை மறைத்துத்தான் போட்டேன். பள்ளி மறைக்கவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பெற்றோரும் பார்த்தார்கள். ஏழாவது பெயர் என் தங்கை மகள்.

கவுன்சிலிங் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கண்டிப்பாக வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண் இறந்துபோன வழக்கு அது. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. ஆலோசகரை வைத்த பள்ளிக்கு இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

ஒரு பிள்ளை வாயைத் திறப்பதே, சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான். கூப்பிடும்போதே ஊரைக் கூட்டிவிட்டால், அப்புறம் அந்த அறையில் யார் என்ன பேசுவார்கள்?

"நாங்களெல்லாம் பிரம்படி வாங்கி வளரவில்லையா?" என்று அந்தப் பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வளர்ந்தோம். எப்படி வளர்ந்தோம் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பு டீச்சர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். மறுநாள் முதல் பீரியட். "இவனுக்கு வீட்டில் பிரச்சினை, அப்பா இல்லை, யாரும் இவனை எதுவும் சொல்லாதீர்கள்" என்று ஐம்பது பேர் முன்னால் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அது எனக்கு அன்றைக்கே தெரியும். பக்கத்தில் இருந்தவன் தன் ஜாமெட்ரி பாக்ஸை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பதுபோல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு, கல்யாணம் ஆகும்வரை என் வீட்டைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

"பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தெரிய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ ஆலோசகர் சும்மா இருக்க முடியாது. ஆனால் அதையும் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: இதெல்லாம் நமக்குள் இருக்கும், இது மட்டும் இருக்காது என்று. அப்போதும் தெரிய வேண்டியது அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு. மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன வேலை? மனநலச் சிகிச்சையில் ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சமாவது பதினான்கு வயசுக்குக் கிடையாதா?

ஆசிரியர்களுக்கு வேலைப்பளு, அதனால் பொதுவாகப் போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். மன்னிக்கவும், இதை என்னால் ஏற்க முடியாது. பதினொரு வீட்டுக்கு பதினொரு போன். அவ்வளவுதான்.

நேற்று இரவு தங்கை மகளிடம், பள்ளியில் பேசப் பிடிக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது, குழந்தைகள் உதவி எண் 1098-உம் இருக்கிறது என்று சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டாள்.

"மாமா, அங்கே பேசினாலும் குரூப்பில் வந்துவிடுமா?"

வராதுடா என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம் வரை அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை.