கல்வெட்டில் விட்டுப்போன வரி
'அமேசிங் கிரேஸ்' என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவப் பாடலை எழுதிய ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டன், 1748-இல் கடல் புயலில் உயிர் தப்பியதுமே அடிமை வியாபாரத்தைக் கைவிட்டார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்கு கேப்டனே ஆனார். கடலை விட்டது 1754-இல், அதுவும் உடம்புக்கு முடியாமல் போனதால். அந்த வியாபாரத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டது 1788-இல். நடுவில் 34 வருடம்! சரி, 1785-இல் ஆலோசனை கேட்டு வந்த இளம் பிரிட்டிஷ் எம்.பி. வில்பர்ஃபோர்ஸை (பின்னாளில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடியவர்) அரசியலிலேயே இருக்கச் சொன்னவர் அவர்தான், அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் போதகராக இருந்த லண்டன் செயின்ட் மேரி வுல்னாத் ஆலயத்துக்குப் போனால் ('பேங்க்' என்ற சுரங்க ரயில் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, அவசரத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்) சுவரில் அவரே தனக்கு எழுதிக்கொண்ட நினைவு வாசகத்தைப் படியுங்கள். இளம் வயதில் ஆப்பிரிக்காவில் ஒரு அடிமை வியாபாரியிடம் தானே சிக்கித் தவித்த காலத்தை, 'அடிமைகளுக்கு ஊழியனாக' இருந்தேன் என்று சொல்கிறார். ஆனால் கேப்டனாக மூன்று பயணங்களில் கப்பல் நிறைய மனிதர்களை ஏற்றிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், இல்லவே இல்லை. அப்புறம், கல்லறையும் அங்கேதானா என்று கேட்டால்: இல்லை, 1893-இல் உடலை, அவர் முன்பு போதகராக இருந்த ஓல்னி என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.