தற்கொலைப் பதிவேடும் சமூகவியலின் மூன்று பெட்டிகளும்

குடிமைப் பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்தால், கோட்பாடு என்ற தலைப்பின் கீழ் எப்போதும் மூன்று பெட்டிகள்தாம்: சமூகத்தைப் பிணைத்து நிறுத்துவது எது என்று பார்க்கும் செயற்பாட்டியத்துக்கு எமில் துர்கைம், யார் கையில் அதிகாரம் என்று பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்குக் கார்ல் மார்க்ஸ், மனிதர் ஒருவரோடொருவர் பழகி எதற்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் குறியீட்டு இடைவினைக்கு மீடும் புளூமரும். மாக்ஸ் வெபர் எதிலும் சரியாக அடங்காமல் ஓரமாக நிற்பார். மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் இந்தப் பார்வைகள் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தன, எதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டன என்பது இதில் முற்றிலும் காணாமல் போய்விடுகிறது. என் குறை அதுதான்.

ஆகஸ்ட் காம்ட் 1839இல் சமூகவியல் என்ற பெயரை அச்சில் நிலைநிறுத்துவதற்கு முன்பே, இத்துறைக்கான கச்சாப்பொருள் அரசாங்கப் பதிவேடுகளில் குவியத் தொடங்கிவிட்டது. குற்றங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறக்குறைய மாறாமல் திரும்பத் திரும்ப வருவதை, பெல்ஜிய வானியலாளர் கெட்லே 1835இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். தனிமனிதரின் முடிவு என்று நாம் நம்பும் செயல்களுக்குள் இப்படியொரு ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதே அன்று பலரையும் உறுத்திய கேள்வி. தற்கொலை அந்தக் கேள்வியின் மிகக் கூர்மையான வடிவம்.

துர்கைமுக்கு அரை நூற்றாண்டு முன்பே மார்க்ஸ் இதைத் தொட்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பாரீஸ் காவல்துறையின் ஆவணக் காப்பாளராக இருந்த பெஷே என்பவரின் நினைவுக் குறிப்புகளிலிருந்து சில பகுதிகளை மொழிபெயர்த்து, தன் கருத்துகளையும் கலந்து, 1846இல் ஒரு ஜெர்மன் இதழில் அவர் வெளியிட்டார். அதிலுள்ள நான்கு நிகழ்வுகளில் மூன்று பெண்களுடையவை. அவற்றுள் ஒன்று, மணம் பேசி முடித்த வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிய மகளைப் பெற்றோரே அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அவமானப்படுத்திய கதை. தொழிற்சாலையும் கூலியும் அதில் இல்லை. குடும்பத்துக்குள் செலுத்தப்படும் அதிகாரமே பேசுபொருள்.

1897இல் வெளிவந்த துர்கைமின் 'தற்கொலை' வேறொரு பாதையில் போகிறது. அந்நூலுக்காக ஏறத்தாழ 26,000 மரணங்களின் ஆவணங்களை வயது, பால், மணநிலை, பிள்ளைகள் உண்டா இல்லையா என்று பிரித்து அடுக்கிய கடும் உழைப்பு, பிற்காலத்தில் மானுடவியலில் பெரும்புகழ் பெற்ற அவருடைய சகோதரியின் மகன் மார்செல் மோஸுடையது. ஆவணங்களைப் பார்க்க இடம் கொடுத்தவரோ நீதித்துறைப் புள்ளிவிவரப் பிரிவின் தலைவரும், துர்கைமின் கோட்பாட்டு எதிரியுமான கப்ரியேல் தார்த். (எதிரிக்குக் கோப்புகளைத் திறந்துவிட்ட அந்தப் பெருந்தன்மை இன்றைய கல்விப்புலத்தில் எத்தனை பேரிடம் இருக்கும் என்று தெரியவில்லை.) கத்தோலிக்கரைவிடப் புரட்டஸ்தாந்தினரிடமும், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடமும் விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டி, மனிதரைக் குழுவோடு கட்டும் பிணைப்பின் வலிமையைக் கொண்டு அதை அவர் விளக்கினார்.

ஆனால் அதே நூலில், மணவாழ்வில் கணவனின் நலனும் மனைவியின் நலனும் எதிரெதிராக நிற்பதைப் புள்ளிவிவரம் காட்டுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மிதமிஞ்சிய கட்டுப்பாட்டால் வாழ்வு அடைபட்டுப்போனவர்களின் தற்கொலை என்று, தான் விரிவாகப் பேசிய மூன்று வகைகளுக்கு அப்பால் நான்காவது வகை ஒன்றையும் குறிப்பிடுகிறார்; பிள்ளையில்லாத மணமான பெண்கள் அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அந்த வகைக்கு அவர் ஒதுக்கிய இடம் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. மார்க்ஸ் மையத்தில் வைத்ததைத் துர்கைம் அடிக்குறிப்பில் வைத்தார் என்று சொன்னால், இரு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாடநூல் அட்டவணையையும்விடத் தெளிவாக ஒரு மாணவருக்குப் புரியவைத்துவிடலாம்.

மனிதர் கொடுக்கும் பொருளைப் பார்க்கும் மூன்றாவது பார்வை இந்தப் பதிவேட்டையே சந்தேகித்தது. இறந்தவரின் நோக்கம் என்று அதிகாரிகள் எழுதுவதைத் துர்கைமும் நம்பவில்லை. ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நம்பினார். 1967இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ், அந்த எண்ணிக்கையே குடும்பத்தாரும் மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சேர்ந்து ஒரு மரணத்துக்குக் கொடுத்த பொருளின் விளைவுதானே என்று கேட்டார். நெருக்கமான பிணைப்புள்ள சமூகங்களில் விகிதம் குறைவாகத் தெரிவதற்கு, அங்கே மரணத்தை மறைக்கும் ஆர்வமும் ஆற்றலும் கூடுதலாக இருப்பதும் காரணமாகலாம். அப்படியானால் துர்கைம் அளந்தது தற்கொலையையா, மறைக்கும் திறனையா?

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. 'தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து' என்ற வரியை நாம் எத்தனை முறை கடந்திருக்கிறோம்! இறந்தவர் அண்மையில் மணமான இளம்பெண்ணாக இருந்தால் அந்த வரியை நம்மில் பலர் நம்புவதில்லை. இருந்தும் வீட்டார் சொன்னது வாக்குமூலமாகி, வாக்குமூலம் காவல்நிலையப் பதிவாகி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் 'குடும்பப் பிரச்சினை', 'நோய்' என்ற இரு பெரும் தலைப்புகளில் ஏதோ ஒன்றின் கீழ் எண்ணாகச் சேர்ந்துவிடுகிறது. அந்த அறிக்கையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, இந்த எண் எதைக் காட்டுகிறது, யாருடைய அதிகாரத்தை மறைக்கிறது, யார் யார் கூடி அதை எழுதினார்கள் என்று கேட்கும் ஆசிரியருக்கு மூன்று பெட்டிகளும் தேவைப்படா.