கமராவுக்குத் தெரியாத லொறி

பைக் ஓடுகிற நாலு பேர் ஒரு மேசையில் இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வேகக் கமராக் கதை வந்துவிடும். போன ஞாயிறு லண்டன் நோர்த் சேர்குலர் வீதியில் இருக்கிற, பைக்காரர் கூடுகிற ஏஸ் கஃபேயிலும் அப்படித்தான். எங்களோடு வந்த ஒரு தம்பி (பெயர் வேண்டாம், அவன் மனைவி என் பதிவுகளைப் படிக்கிறவள்) பின் நம்பர் பிளேட்டை வானம் பார்க்கிற மாதிரி மடித்து வைத்திருந்தான். கேட்டதற்கு, "அண்ணை, முன்னாலை எடுக்கிற கமரா எங்களை என்ன செய்யும்? பின்னாலை எடுக்கிறதுக்குத்தான் இது" என்றான். மேசையே சிரித்தது.

அவன் சொன்னதில் பாதி சரி. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு முன் நம்பர் பிளேட் 1975-க்குப் பிறகு கட்டாயமில்லை. அதற்கு முன் முன் மட்கார்டின் மேல் வளைந்த தகடு ஒன்று நட்டுக்கொண்டு நிற்கும். நடந்து போகிறவரில் பட்டால் சீவிவிடும் என்று அதற்குப் 'பாதசாரி சீவி' என்றே பட்டப்பெயர். அந்தத் தகடு போனதால், முகத்தைப் படமெடுக்கிற கமராவுக்கு நாங்கள் முகவரி இல்லாத ஆட்கள். ஆனால் லண்டனைச் சுற்றி ஓடுகிற எம்25 மாதிரி மோட்டர்வேக்களில் இப்போது இருப்பது வேறு சாமான். வீதிக்குக் குறுக்கே மேலே வேகத்தைக் காட்டுகிற சட்டம் இருக்கிறதே, கான்ட்ரி, அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, ஹாடெக்ஸ் 3 என்று பெயர். நாங்கள் தாண்டிப் போன பிறகு முதுகைத்தான் எடுக்கும். மேலே மணிக்கு 60 மைல் என்று ஒளிர்ந்தால் 60-க்கு, 40 என்றால் 40-க்கு அதுவும் மாறிக்கொள்ளும். பிளேட்டை மடித்தவனுக்கு 1000 பவுண்ட் வரை தண்டம் இருக்கிறது, எம்ஓடி என்கிற வருடாந்த வாகனச் சோதனையிலும் விழும் என்று சொன்னேன். தம்பி தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான்.

நான் கமராவுக்கு எதிரி இல்லை. அதைச் சொன்னதும் ஒருவர் கேட்டார்: "அப்ப நீங்கள் கமராக்காரற்றை ஆளோ?"

எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. எம்25, இரவு பன்னிரண்டு மணி தாண்டி, வேலை முடிந்து வருகிறேன். வீதியில் ஒரு ஈ காக்கை இல்லை. கான்ட்ரியில் 50. ஏன் 50 என்று எந்த எழுத்தும் இல்லை. நான் 61. 14 நாளுக்குள் கடிதம் வந்தது, 28 நாளுக்குள் ஓடினது யார் என்று எழுதி அனுப்பினேன், லைசென்ஸில் 3 தண்டனைப் பொயின்ட் விழாமல், அதற்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகச் சம்மதித்தேன். அது கணினித் திரையில் நடந்த வகுப்பு. நான் நடந்ததைச் சொன்னதும் வகுப்பு எடுத்தவர், அந்த இடத்தில் ஏன் 50 போட்டிருப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கும் தெரியவில்லை. சட்டப்படி 51-லேயே குற்றம்தான். பொலிஸ் வழிகாட்டலில் நூற்றுக்குப் பத்தும் மேலே 2 மைலும் விட்டுப் பிடிப்பார்கள், 50-க்கு 57, 70-க்கு 79 என்று. அதற்கும் மேலே போனவன் நான். வாதாட ஒன்றுமில்லை.

'காசு பறிக்கிற வேலை' என்று எங்கள் ஆட்கள் சொல்வதற்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் உள்ளூர்க் கமரா அமைப்புகள் தங்கள் செலவைத் தண்டப்பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். 2007-இல் அது நின்றுவிட்டது. இப்போது வேகத்துக்கான 100 பவுண்ட் தண்டம் நேரே திறைசேரிக்குப் போகிறது. வகுப்புக் கட்டணத்தில்தான் ஒரு பங்கு பொலிஸின் செலவுக்குப் போகும். இதை எத்தனை தரம் சொன்னாலும் அந்த மேசையில் எடுபடாது. சரி, விடுவோம்.

என் கோபம் வேறு இடத்தில்.

சில வருடங்களுக்கு முன் மில்டன் கீன்ஸ் பக்கம் எம்1 மோட்டர்வேயில் வீதி வேலை நடந்தது. மைல் கணக்கில் 50, முழுக்கச் சராசரி வேகக் கமரா. ஒரு கம்பத்தில் நம்பரைப் படிக்கும், அடுத்த கம்பத்தில் திரும்பப் படிக்கும், தூரத்தை நேரத்தால் பிரிக்கும். கமராவைக் கண்டவுடன் பிறேக் அடித்துவிட்டுப் பிறகு முறுக்குகிற வித்தை அங்கே பலிக்காது. எனக்கு அது பிடிக்கும். கட்ஸோ என்கிற பழைய வேகக் கமராப் பெட்டிக்கு முன்னால் கார்க்காரர் திடீரென்று பிறேக் அடிக்க, பின்னால் வருகிற நாங்கள் அவர் டிக்கிக்குள் போகப் பார்த்த நாட்கள் உண்டு. (அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த மொரிஸ் கட்ஸோனிடிஸ் 1953-இல் மொண்டி கார்லோ பந்தயத்தை வென்ற டச்சுக்காரர். வளைவுகளில் தான் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று அளக்கத்தான் முதலில் கருவி செய்தார். வினை விதைத்தது அவர், அறுப்பது நாங்கள்.)

அன்றைக்கு இடது லேனில் நான். லேன்களை ஒடுக்கியிருந்தார்கள், மழை தூறிக்கொண்டிருந்தது. வேகமுள் சரியாக 50. இங்கே ஒரு சின்னக் கணக்கு. வாகனத்தின் வேகமுள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது விதி. அதனால் என் முள் 50 காட்டும்போது உண்மையில் நான் போவது 46, 47. பின்னால் வருகிற லொறிக்காரரின் மீற்றர் சுத்தமான மீற்றர், அவர் உண்மையான 50-இல் வருவார். அவருடைய இயந்திரத்துக்கு வேகப் பூட்டு 56-இல்தான். ஆகவே நான் ஒன்றும் செய்யாமலே அவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னை நெருங்கிக்கொண்டே வருவார்.

வலது கண்ணாடியில் முதலில் இரண்டு விளக்கு தெரிந்தது. பிறகு விளக்கும் முன் கிறில்லும். பிறகு கண்ணாடி நிறைய கிறில் மட்டும், அதில் ஒட்டியிருந்த இலைச் சருகுகூடத் தெரிந்தது. ஓரமாய் ஒதுங்க இடமில்லை, ஆபத்துக்கு நிறுத்தும் கரையையும் வேலைக்காக அடைத்திருந்தார்கள். நடு லேனில் கார்கள் இடைவெளி இல்லாமல். நான் பிறேக் விளக்கை இரண்டு தரம் சிமிட்டிக் காட்டினேன். அவர் அதைச் சவாலாக எடுத்தாரா, காணவே இல்லையா, தெரியாது. அந்த நேரத்தில் ஒரு கமராக் கம்பத்தைக் கடந்தோம், முதலில் நான், எனக்குப் பின்னால் ஒரு காரின் நீளம்கூட இல்லாத தூரத்தில் நாற்பத்து நாலு தொன். அந்தக் கமராவின் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

கடைசியில் என்ன செய்தேன்? முள்ளை 55-க்கு ஏற்றினேன். இடைவெளி வந்தது, மூச்சும் வந்தது.

2020-இல் வீதி வேலை இடங்களில் பாதுகாப்பாக முடிகிற இடத்தில் 60 போடலாம் என்று விட்டார்கள். வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதே ஒரு குற்றம், 2013-லிருந்து பொலிஸ்காரர் நிறுத்திய இடத்திலேயே 100 பவுண்டும் 3 பொயின்ட்டும் எழுதலாம். எழுதுவதற்கு அங்கே ஒரு பொலிஸ்காரர் வேண்டுமே. கமரா வந்த கையோடு மோட்டர்வேயில் பொலிஸ் காரைக் காண்பது அரிதாகிவிட்டது என்பதுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒத்துப்போகிற ஒரே முறைப்பாடு, நானும் அதற்குக் கை தூக்குவேன். 2021-இல் கைபேசி பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்களையும் பெல்ட் போடாதவர்களையும் கண்டுபிடிக்கிற கமராக்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அது பெருகட்டும். மடியில் கைபேசியை வைத்துக்கொண்டு லேன் மாறுகிறவன் 70 எல்லையில் 68-இல்தான் போவான், வேகக் கமராவுக்கு அவனும் நல்ல பிள்ளை.

மேசையில் வந்த ஒரு வாதம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த நாட்டு வாகன ஓட்டத்தில் மோட்டார் சைக்கிள் நூற்றுக்கு ஒன்றுதான். வீதியில் சாகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நாங்கள். ஆனால் நாங்கள் சாவது பெரும்பாலும் கிராமத்து வளைவுகளிலும் சந்திகளிலும். "மன்னிக்க வேணும், உங்களைக் காணேல்லை" என்று யாராவது சொல்கிற இடங்களில். மோட்டர்வே எல்லா வீதிகளையும்விடப் பாதுகாப்பானது. பிறகு ஏன் கமரா முழுக்க அங்கே? நல்ல கேள்வி. என்னிடம் அதற்குப் பாதிப் பதில்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் லேன் மாறுகிற ஆசை குறைகிறது. நெரிசலில் இரண்டு லேனுக்கு நடுவால் புகுந்து போகிற எனக்கு, திடீரென்று லேன் மாறுகிறவன்தான் எமன். எம்25-இல் காலை எட்டு மணிக்கு 40 ஒளிர்ந்து எல்லாரும் 40-இல் போனால் நான் நிம்மதியாகப் போகிறேன். நடுச்சாமத்து 50 எனக்கு இன்னும் விளங்கவில்லை. காரணத்தை அந்தக் கான்ட்ரித் திரையில் எழுதட்டும், 'விபத்து', 'வேலை', 'வீதியில் சாமான்', ஏதாவது ஒரு சொல்.

ஊர்க்காரர் சிலருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். இலங்கையில் 2011-இல் தெற்கு அதிவேக வீதி திறந்தபோது மோட்டார் சைக்கிளை உள்ளுக்கே விடவில்லை, இன்றும் விடுவதில்லை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் பொலிஸ் மறைந்து நின்றால் எதிரே வருகிற வான்காரர் லைட் அடித்துக் காட்டுவார். இங்கே எங்கள் ஆட்கள் ஹெல்மெட்டின் உச்சியை உள்ளங்கையால் தட்டிக் காட்டுவார்கள். முகம் தெரியாத ஒருவன் எனக்காகத் தலையில் தட்டிவிட்டுப் போகும்போது வருகிற அந்த ஒட்டுறவு, கமராவை ஆதரிக்கிற எனக்கும் பிடிக்கும். இதில் முரண் இருக்கிறது என்று கொமெண்டில் சொல்லப் போகிறீர்கள், சொல்லுங்கள்.

தம்பி, இதை நீ படித்தால்: உன் எம்ஓடி மார்ச்சில். அதற்கு முதல் பிளேட்டை இறக்கு. ஸ்பானர் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை வீட்டுக்கு வா.