கல்லூரி வளாகத்தில் சோலை மரங்கள்

நீலகிரியின் கல்லூரி வளாகங்களில் இந்த மலைக்குரிய மரங்களுக்கென்று ஒரு தோட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உதகையில் உடனே நினைவுக்கு வருவது, ஆங்கிலேய ஆட்சியில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் கல் பங்களாவைத் தன் வளாகத்தில் கொண்டிருக்கும், 1955இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரி. 1848இல் உருவான தாவரவியல் பூங்காவும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலோர் அண்ணாந்து பார்ப்பது வெளிநாட்டு மரங்களைத்தான்.

என் கவலையெல்லாம் அந்தத் தோட்டத்தை அமைக்கும் முறையைப் பற்றியது. ‘நாட்டு மரம்’ என்ற பெயரில் சமவெளி நாற்றங்காலிலிருந்து வேம்பும் புங்கனும் லாரியில் வந்து இறங்கினால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு அவை தாங்கா. சோலை எனப்படும் இம்மலையின் பசுமைமாறாக் காட்டு மரக் கன்றுகளையே வெட்டவெளியில் வரிசைகட்டி நட்டாலும் பலவற்றுக்கு அதே கதிதான், ஏனெனில் நாவல் வகைகளும் காட்டு இலவங்க வகைகளும் இளமையில் நிழலில் வளர்ந்து பழகியவை. ஆகவே வளாகத்தில் ஏற்கெனவே நிற்கும் சீகை (வாட்டில்) என்ற வெளிநாட்டு மரத்தையும் சைப்ரஸையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காமல், அவற்றின் நிழலில் கன்றுகளை வளர்த்து, பிறகு மேல்மரங்களைப் படிப்படியாகக் குறைப்பதே அறிவுடைமை. (சீகை மீண்டும் முளைக்கும், அதைப் பிடுங்கும் வேலை ஓயாது.)

காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மட்டும் விதிவிலக்கு. தடித்த பட்டையும், அடிப்புறம் பழுப்பு ரோமம் படர்ந்த இலையும் கொண்ட அது, புல்வெளியின் திறந்த வெளியில் பனியையும் தீயையும் தாங்கி நிற்பது. அதற்குத் தோட்டத்தின் ஓரமே தகுந்த இடம். வளாகத்தில் இயற்கையான புல்வெளி மிஞ்சியிருந்தால் அதில் மரம் நடவே கூடாது.

விதைகளிலும் கவனம் வேண்டும். நாவல் இன விதைகள் காய்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். பறித்த சில நாட்களுக்குள் விதைக்க வேண்டும். காப்புக்காட்டில் எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதியும் தேவை. பெயர்ப்பலகையில் தாவரவியல் பெயருடன் படுக, தோடர், கோத்தர் மொழிப் பெயர்களையும் எழுதலாம். அவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவர அச்சமூக மாணவர்களே இருக்கிறார்கள்.

நடவு விழா ஜூன் மழையில் சிறப்பாக முடிந்துவிடும். பொங்கல் விடுமுறையில் கல்லூரி பூட்டிக் கிடக்கும்போது கன்றுகளுக்குப் பனிமூடாக்குப் போடுவது யார்? விழாப் பந்தலுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.